எழுதினால் உயிர் தங்குமா? அமெரிக்கப் படையினரின் தற்கொலைத் தடுப்பும் எழுத்துச் சிகிச்சையும்

போர்முனையில் கண்டதை ஒருவர் மறக்க முயல வேண்டுமா, வெளியே கொட்டிவிட வேண்டுமா? ராணுவ மருத்துவம் நூறாண்டுகளுக்கும் மேலாக இதற்கு மாறி மாறிப் பதில் சொல்லிவருகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகியிருக்கிறது. கையில் பேனாவைக் கொடுத்து எழுதவைத்தால், ஒரு படைவீரர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வதைத் தடுக்க முடியுமா?

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கத் தரைப்படையில் தற்கொலை விகிதம் ஒரு காலத்தில் பொதுமக்களைவிடக் குறைவாக இருந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் நீள நீள அது ஏறத் தொடங்கியது. 2008இல், வயதும் பாலினமும் ஒத்த பொதுமக்களின் விகிதத்தையே தாண்டியது. 2023இல் எல்லாப் படைகளிலுமாகப் பணியில் இருப்போர், ரிசர்வ் படையினர், தேசியக் காவல்படையினர் என மூன்று பிரிவிலும் சேர்த்து 523 பேர் இப்படி இறந்தார்கள். படையிலிருந்து விலகியவர்களிடையே 2022இல் மட்டும் 6,407 பேர், அதாவது நாளுக்குப் பதினேழுக்கும் மேல்.

எழுத்துச் சிகிச்சை என்ற பெயரின் கீழ் குறைந்தது மூன்று வேறுபட்ட செயல்கள் அடங்கியிருக்கின்றன. பட்ட காயத்தைத் திரும்ப எழுதுவது ஒன்று. அடுத்த நெருக்கடியில் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதிவைப்பது இன்னொன்று. வேறொருவர் எழுதியதைப் பெறுவது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் இத்துறையில் வாதங்கள் குழம்புகின்றன என்று தோன்றுகிறது. மூன்றுக்கும் கிடைத்துள்ள சான்றுகள் ஒரே தரத்தவை அல்ல.

மறப்பதா, சொல்வதா

1917இல் எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனையில், மனம் குலைந்துவந்த பிரிட்டிஷ் அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரியில் தோடர்களிடையே கள ஆய்வு செய்து 1906இல் அவர்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதிய அதே ரிவர்ஸ்தான். போர் நினைவுகளை விரட்டு, இனிமையானவற்றை நினை என்பதே அன்று நோயாளிக்குக் கிடைத்த வழக்கமான அறிவுரை. அந்த அறிவுரையே நோயை வளர்க்கிறது என்று ரிவர்ஸ் வாதிட்டார். அதே மருத்துவமனையில் ஆர்தர் பிராக் என்ற மருத்துவர், தன் நோயாளியான கவிஞர் வில்ஃபிரெட் ஓவனை மருத்துவமனை இதழான ‘தி ஹைட்ரா’வுக்கு ஆசிரியராக்கினார். எழுதுவது அங்கே வேலையாகவும் மருந்தாகவும் இருந்தது.

இந்தக் கதையை எழுத்துச் சிகிச்சையின் ஆதர்சமாகச் சொல்பவர்கள் இரண்டு விஷயங்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சையின் நோக்கம் அதிகாரிகளைப் போர்முனைக்குத் திருப்பி அனுப்புவது. ஓவன் திரும்பிப் போனார், 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். இரண்டாவது, ரிவர்ஸே தன் முறையின் எல்லையை ஒப்புக்கொண்டார். குண்டுவெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, நாள்பட்ட பிணத்தின் மேல் முகம் பட விழுந்த அதிகாரி ஒருவரின் நினைவில், ஆறுதலாகப் பற்றிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அவருக்கு இந்த வழி பொருந்தாது என்று ரிவர்ஸ் முடிவு செய்தார். எல்லா நினைவும் சொல்லச் சொல்லத் தணிந்துவிடாது என்பது அப்போதே தெரிந்திருந்தது.

பிற்காலத்தில் இது மறந்துபோனது. 1980களில், விபத்தோ தாக்குதலோ நடந்த சில நாட்களுக்குள் சம்பந்தப்பட்டவர்களை உட்காரவைத்து நடந்ததைச் சொல்லவைக்கும் முறை மீட்புப் படைகளிலும் ராணுவத்திலும் பரவியது. ஒரே அமர்வில் முடியும் இந்த முறை, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோயான பி.டி.எஸ்.டி.யைத் தடுக்கவில்லை, சிலருக்குத் தீங்குகூட செய்திருக்கலாம் என்று பின்னர் வந்த முறையான மதிப்பாய்வுகள் கண்டன. எப்போது, எவ்வளவு, யார் துணையோடு என்ற கேள்விகளுக்கு விடை இல்லாமல் வெறுமனே ‘கொட்டிவிடு’ என்பது சிகிச்சை ஆகாது.

பதினைந்து நிமிடம், நான்கு நாள்

நவீன எழுத்து ஆய்வின் தொடக்கம் டெக்சாஸில், கல்லூரி மாணவர்களிடம். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட சோதனையில் 46 மாணவர்கள் நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதினார்கள். சிலருக்கு அற்பமான தலைப்புகள். சிலருக்கு வாழ்வின் மிகத் துன்பமான நிகழ்வு. அந்த நிகழ்வையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே சென்றார்கள். எழுதிய உடனே அவர்கள் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. பலன் பின்னால் வந்தது.

இதற்குப் பின் நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்தன. ஜோஷுவா ஸ்மைத் 1998இல் 13 ஆய்வுகளைத் தொகுத்தபோது பலன் மிதமான அளவில் தெரிந்தது. 2006இல் ஜோவான் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்தார். பலன் இல்லாமல் போகவில்லை, ஆனால் வெகுவாகச் சுருங்கியிருந்தது. சான்று பெருகப் பெருகப் பலன் சிறுப்பது மருத்துவ ஆய்வில் பழகிப்போன காட்சிதான் என்றாலும், உற்சாகமாக எழுதப்படும் கட்டுரைகள் இன்றும் 1986ஐயும் 1998ஐயுமே மேற்கோள் காட்டுகின்றன.

படையினரிடம் நடந்த மிகப் பெரிய சோதனை நீனா சேயரும் சகாக்களும் 2015இல் வெளியிட்டது. ஈராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பி, வீட்டு வாழ்க்கையோடு ஒட்ட முடியாமல் தவித்த ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் இணையவழியில் தங்கள் மனதை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் உணர்வு கலக்காத தகவலை எழுதினார்கள். மூன்றாம் பிரிவினர் எதுவும் எழுதவில்லை. மனதை எழுதியவர்களிடம் கோபமும் உடல் உபாதையும் மன உளைச்சலும் ஓரளவு குறைந்தன, ஆனால் பலன் சிறியது. தற்கொலையைத் தடுப்பது அந்தச் சோதனையின் இலக்கு அல்ல. தற்கொலை எண்ணத்தையே நேராகக் குறிவைத்து, கோவாக்கும் ரேஞ்சும் மாணவர்களிடையே நடத்தி 2002இல் வெளியிட்ட சோதனையில், எழுதியதால் அந்த எண்ணம் மற்றவர்களைவிடக் குறையவில்லை.

ஆக, தனியாக உட்கார்ந்து மனதை எழுதுவது செலவில்லாதது, பலருக்கு ஓரளவு இதமளிப்பது. அது உயிரைக் காக்கிறது என்று சொல்ல இதுவரையிலான சான்று போதாது.

காயத்தையே எழுதுவது

பாஸ்டனில் தேசிய பி.டி.எஸ்.டி. மையத்தின் டெனிஸ் ஸ்லோனும் பிரையன் மார்க்ஸும் பென்னிபேக்கரின் எளிய முறையை எடுத்து, நோயைக் குணப்படுத்தும் கட்டமைப்பாக மாற்றினார்கள். எழுத்துவழி எதிர்கொள்ளல் என்று இதைச் சொல்லலாம். மொத்தம் ஐந்தே அமர்வுகள், வீட்டுப்பாடம் கிடையாது. முதல் அமர்வில் நோய் என்ன, ஏன் எழுதச் சொல்கிறோம் என்று சிகிச்சையாளர் விளக்குவார். பிறகு நோயாளி அரை மணி நேரம் கையால் எழுத வேண்டும். எழுதும்போது சிகிச்சையாளர் அறையில் இருப்பதில்லை. திரும்பி வந்து, எழுதுவது எப்படி இருந்தது என்று சற்று நேரம் கேட்பார், தாளை வாங்கிக்கொள்வார், அடுத்த முறைக்குள் படித்துவைப்பார். ஐந்து முறையும் அதே ஒரு நிகழ்வு. முதலில் என்ன நடந்தது, என்ன சத்தம், என்ன வாடை. பின் அமர்வுகளில் அது வாழ்க்கையை எப்படி மாற்றியது. இலக்கணமோ கையெழுத்தோ பொருட்டல்ல. நிகழ்வை விட்டு விலகி எழுதியிருந்தால் மட்டும் சிகிச்சையாளர் சுட்டிக்காட்டுவார்.

2018இல் 126 பேரிடம் நடந்த சோதனையில் இந்த ஐந்து அமர்வுகள், பன்னிரண்டு அமர்வு கொண்ட அறிவாற்றல் செயலாக்கச் சிகிச்சைக்குக் குறைந்தவை அல்ல என்று தெரிந்தது. பாதியில் விட்டுப் போனவர்கள் இதில் 6 சதவீதம், அதில் ஏறக்குறைய 40 சதவீதம். பணியில் இருக்கும் படையினரிடமும் பின்னர் முன்னாள் படையினரிடமும் நடந்த சோதனைகளும் அதே திசையைத்தான் காட்டின. சிகிச்சையைப் பாதியில் விடுவது ராணுவ மனநலத்தின் தீராத தலைவலி என்பதால் இந்தக் குறைந்த இடைவிலகலுக்கு மதிப்பு அதிகம். ஆனாலும் அமெரிக்க ராணுவமும் முன்னாள் படைவீரர் துறையும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் இதற்கு முதல்நிலைப் பரிந்துரை தரவில்லை, அதற்கு அடுத்த படியில்தான் வைத்தன.

இங்கே ஒரு முரண். பன்னிரண்டு அமர்வுச் சிகிச்சையை உருவாக்கிய பட்ரீஷியா ரெசிக் அதன் உறுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார். துன்பத்தை விவரமாக எழுதும் பகுதியை நீக்கினாலும் பலன் குறையவில்லை. அதன்பின் அந்தப் பகுதி இல்லாமலே சிகிச்சை தருவது பரவியது. ஒரே நோய். ஒருவர் எழுத்தை நீக்கினார், பலன் நின்றது. இன்னொருவர் எழுத்தைத் தவிர மற்றதைக் கிட்டத்தட்ட எல்லாம் நீக்கினார், அப்போதும் நின்றது. எழுத்தேதான் குணமாக்குகிறது என்று அடித்துச் சொல்ல இந்த இரண்டு முடிவுகளும் சேர்ந்து இடம் தரவில்லை. அஞ்சி ஒதுக்கிய நினைவை ஏதோ ஒரு வழியில் நேர்கொள்வதுதான் மருந்து, எழுத்து அதற்கு மலிவான வழி என்று கொள்வது பொருத்தமாக இருக்கலாம்.

பி.டி.எஸ்.டி. தணியும்போது தற்கொலை எண்ணமும் தணிவதைப் பல சோதனைகள் கண்டிருக்கின்றன. காயத்தைக் கிளறினால் தற்கொலை அபாயம் கூடும் என்ற பழைய அச்சத்துக்கு அவற்றில் ஆதரவு கிடைக்கவில்லை. ஆயினும் கடும் அபாயத்தில் இருப்பவர்களை நீண்ட காலம் சோதனைகள் விலக்கியே வந்தன. இந்த இடைவெளியை நிரப்பத்தான் மார்க்ஸும் ஸ்லோனும் சகாக்களும் டெக்சாஸில் ஃபோர்ட் ஹூட் முகாமின் டார்னால் ராணுவ மருத்துவ மையத்தில், மனநல வார்டில் சேர்க்கப்பட்ட படையினருக்கென ஒரு சோதனையை வடிவமைத்தார்கள். அதன் திட்டம் 2021இல் வெளியானது. இதில் காயத்தை எழுதும் அமர்வுகளோடு நெருக்கடிக் கால அட்டையும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அட்டையில் சில வரிகள்

அந்த அட்டை இலக்கியத்தோடு எந்த உறவும் இல்லாத எழுத்து. ஒரு காலத்தில், தற்கொலை எண்ணத்தோடு வருபவரிடம் ‘இனி அப்படிச் செய்ய மாட்டேன்’ என்று உறுதிமொழி வாங்குவது மருத்துவமனை வழக்கம். நோயாளியைக் காத்ததைவிட அது மருத்துவமனைக்கு நிம்மதி தந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நெருக்கடிக் கால அட்டை அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டது. என்ன செய்ய மாட்டாய் என்பதை விட்டு, என்ன செய்வாய் என்று கேட்டது.

சிகிச்சையாளர் முதலில், சமீபத்திய நெருக்கடி எப்படித் தொடங்கி எப்படி முற்றியது என்ற கதையை முழுதாகக் கேட்கிறார். பிறகு கையளவு அட்டை ஒன்றைக் கொடுக்கிறார். எழுதுவது நோயாளிதான், தன் சொற்களிலேயே. நெருக்கடி வருகிறது என்று எதை வைத்துத் தெரியும்: சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது, மனைவியிடம் காரணமின்றி எரிந்துவிழுவது, இப்படி. தனியாக என்ன செய்யலாம்: நடப்பது, நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போவது. வாழக் காரணம் என்ன. யாரைக் கூப்பிடலாம். கடைசியில் மருத்துவர், அவசர உதவி எண்கள். அமெரிக்காவில் 988ஐ அழைத்து 1ஐ அழுத்தினால் படையினருக்கான சேவை கிடைக்கும். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 இருக்கிறது. மடித்துப் பர்ஸில் வைக்கலாம்.

கிரெய்க் பிரையனும் சகாக்களும் கொலராடோவின் ஃபோர்ட் கார்சனில் 97 படைவீரர்களிடம் இந்த அட்டையைப் பழைய உறுதிமொழி முறையோடு ஒப்பிட்டு, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் தற்கொலை முயற்சி உறுதிமொழிப் பிரிவில் சுமார் 19 சதவீதம், அட்டை எழுதியவர்களிடம் சுமார் 5. அதே முகாமில் 152 பேரிடம் நடந்த முந்தைய சோதனையில், டேவிட் ரட்டும் பிரையனும் கொடுத்த குறுகிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இரண்டாண்டுகளில் முயற்சிகளை ஏறக்குறைய 60 சதவீதம் குறைத்தது. அதிலும் நோயாளி ஒரு சிறு நோட்டில், அந்த அமர்வில் கற்றதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் உருவாக்கிய ‘பாதுகாப்புத் திட்டம்’ இதற்கு நெருங்கிய உறவு. முன்னாள் படைவீரர் துறையின் ஒன்பது அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 1,640 பேரைத் தொடர்ந்தபோது, திட்டம் எழுதி, பின்னர் தொலைபேசியிலும் விசாரிக்கப்பட்டவர்களிடம் தற்கொலை நடத்தை 45 சதவீதம் குறைவாக இருந்தது.

பலவீனங்களும் உண்டு. அட்டைச் சோதனையில் ஆட்கள் குறைவு, முயற்சி செய்தவர்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியது. ஒன்றிரண்டு பேர் பக்கம் மாறினாலே சதவீதம் ஆட்டம் காணும். ஸ்டான்லியின் ஆய்வில் யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. மருத்துவமனைகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். அட்டை காக்கிறதா, அதை எழுதும் முன் ஒருவர் அமர்ந்து முழுக் கதையையும் கேட்டது காக்கிறதா என்பதையும் பிரிக்க முடியவில்லை. இந்தக் குறைகளையெல்லாம் கழித்தாலும், நோயாளியே எழுதும் முறைகளில் தற்கொலை முயற்சியையே நேராக அளந்து, குறைந்ததாகக் காட்டியது இந்த எளிய வகைதான். கவிதைப் பட்டறைகளுக்குக் கிடைக்கும் புகழில் பத்தில் ஒரு பங்கும் இதற்குக் கிடைப்பதில்லை.

அந்தப் பட்டறைகளைக் குறைத்துச் சொல்வதாகாது. எழுத்தாளர் மேக்சின் ஹாங் கிங்ஸ்டன் 1990களிலிருந்து கலிஃபோர்னியாவில் முன்னாள் வீரர்களோடு எழுதிவந்தார். தேசிய கலை நிதியம் 2004இல் தொடங்கிய ‘ஆபரேஷன் ஹோம்கமிங்’ படைமுகாம்களுக்கே எழுத்தாளர்களை அனுப்பியது. இவற்றால் நல்ல நூல்கள் வந்தன, தனிமையில் கிடந்தவர்களுக்கு ஒரு வட்டம் கிடைத்தது. தற்கொலையைத் தடுத்தனவா என்ற கேள்விக்குப் பதில் தரும் விதத்தில் இவை அமைக்கப்படவே இல்லை. எழுதுவது மட்டுமே கவசமாக இருந்தால் இலக்கிய வரலாற்றில் இத்தனை தற்கொலைகள் இருந்திருக்காது.

வந்து சேரும் கடிதம்

மூன்றாவது வகையில் எழுதுபவர் நோயாளி அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோ மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தபோது தனக்கு வந்த கடிதங்கள் தந்த தெம்பை நினைவில் வைத்திருந்தார். 1969 முதல், மருத்துவமனையிலிருந்து வெளியேறித் தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் ஐந்தாண்டுகளில் 24 சிறு கடிதங்கள் அனுப்பினார். நலம் விசாரிப்பு மட்டும்தான், வேண்டுகோள் எதுவும் இல்லை. கடிதம் பெற்றவர்களிடம், குறிப்பாக முதல் இரண்டாண்டுகளில், தற்கொலை குறைந்தது. மரண எண்ணிக்கையையே குறைத்ததாகக் காட்டிய அரிதான சோதனைகளில் இதுவும் ஒன்று.

படையினரிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது முடிவு மங்கியது. 658 படையினருக்கு ஓராண்டில் 11 குறுஞ்செய்திகள் அனுப்பிய சோதனையின் முடிவு 2019இல் வந்தது. முதன்மை அளவீடுகளில் வேறுபாடு இல்லை. ஆனால் தற்கொலை முயற்சி, செய்தி பெற்றவர்களிடம் 9 சதவீதம், பெறாதவர்களிடம் 15. மின்னஞ்சல் வழியே செய்த சோதனை பலன் காட்டவில்லை. முன்னாள் படையினரின் உதவி எண்ணை அழைத்தவர்களுக்குத் தபாலில் அனுப்பிய கடிதங்களால் முயற்சிகள் குறையவில்லை, ஆனால் சிகிச்சையை நாடி வந்தவர்கள் கூடினார்கள். மோட்டோவின் கடிதங்களுக்குப் பின்னால் நோயாளியை நேரில் பார்த்துப் பேசிய ஒருவர் இருந்தார். நிறுவனம் மொத்தமாக அனுப்பும்போது அந்த உறவு மெலிந்துவிடுவது காரணமாக இருக்கலாம். இது ஊகம்தான்.

எல்லோருக்கும் போர்க்காயமா?

காயத்தை எழுதும் சிகிச்சைக்கு அடிப்படையான எண்ணம், படைவீரரின் தற்கொலைக்குப் போர் அனுபவமே வேர் என்பது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரைத் தொடர்ந்த ‘மில்லேனியம் கோஹார்ட்’ ஆய்வு 2013இல் அந்த எண்ணத்தை அசைத்தது. அதில் 83 தற்கொலைகள் பதிவாயின. போர்முனைக்குச் சென்றதோ நேரடிச் சண்டையைக் கண்டதோ தற்கொலையோடு தொடர்பு காட்டவில்லை. ஆணாக இருப்பது, மனச்சோர்வு, இருதுருவ நோய், மிதமிஞ்சிய குடி ஆகியவைதான் தொடர்பு காட்டின. மணமுறிவும் கடனும் குடியும் துரத்துகிற ஒருவரிடம் போர்க்களத்தின் மிக மோசமான நினைவை ஐந்து முறை எழுதச் சொன்னால், கேள்விக்கே பொருந்தாத பதில் ஆகிவிடும். அட்டை முறைக்கு இந்தச் சங்கடம் இல்லை. நெருக்கடியின் காரணம் எதுவானாலும் அது பொருந்தும்.

யார் படிப்பார்கள்?

பென்னிபேக்கரின் மாணவர்கள் பெயர் வெளிவராது என்ற நம்பிக்கையில் எழுதினார்கள். சீருடையில் இருப்பவருக்கு அந்த நம்பிக்கை பாதிதான். தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் கடும் அபாயம் தெரிந்தால், மருத்துவர் கமாண்டருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அமெரிக்க ராணுவ விதி. பாதுகாப்பு அனுமதி போகுமோ, பதவி உயர்வு நிற்குமோ என்ற அச்சமும் உண்டு. சில நினைவுகளில் விதிமீறலோ குற்றமோ இருக்கக்கூடும். அவற்றை எழுதிய தாள் யாரிடம் இருக்கும்? 2021 இறுதியில் சட்டமான ‘பிராண்டன் சட்டம்’, படைவீரர் தாமாகவே உதவி கேட்டால் காரணம் கேட்காமல் மனநலப் பரிசோதனைக்கு அனுப்ப வழி செய்தது. உதவி கேட்பதை அது எளிதாக்கலாம். எழுதியதன் ரகசியம் பற்றிய கவலையை அது தீர்க்கவில்லை. எழுத்தின் பலன் உண்மையை எழுதுவதில் இருக்கிறது என்றால், உண்மையை எழுதத் தயங்கும் சூழலில் அந்தப் பலன் எவ்வளவு மிஞ்சும் என்பது போதிய அளவு சோதிக்கப்படாத கேள்வி.

அளப்பதன் சிரமம்

பணியில் இருக்கும் அமெரிக்கப் படையினரின் தற்கொலை விகிதம் 2023இல் லட்சத்துக்கு 28 அளவில் இருந்தது. பத்தாயிரம் பேரை ஓராண்டு தொடர்ந்தாலும் மூன்று மரணம்தான் எதிர்பார்க்க முடியும். ஒரு சிகிச்சை மரணத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று நிரூபிக்க, இரு தரப்பிலும் லட்சத்துக்கு மேற்பட்டோர் தேவைப்படுவர். அதனால்தான் ஆய்வுகள் தற்கொலை எண்ணத்தையும் முயற்சியையும் அளந்து நின்றுவிடுகின்றன. எண்ணம் கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் முயல்வதில்லை, முயல்பவர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருக்கிறார்கள். ஆகவே எண்ணத்தைக் குறைக்கும் சிகிச்சை மரணத்தையும் குறைக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு, நிரூபணம் அல்ல.

இந்நிலையில் சான்றுகள் அனுமதிக்கும் மதிப்பீடு அடக்கமானதுதான். நெருக்கடி அட்டைக்கும் பாதுகாப்புத் திட்டத்துக்கும் முயற்சியைக் குறைத்ததற்கான நேரடிச் சான்று உண்டு, ஆனால் அது சிறிய அல்லது குலுக்கலற்ற ஆய்வுகளிலிருந்து வந்தது. காயத்தை எழுதும் ஐந்து அமர்வுகளுக்கு பி.டி.எஸ்.டி.யில் வலுவான சான்று உண்டு, தற்கொலைத் தடுப்பில் மறைமுகமானது. தனியாக மனதை எழுதுவது துணைக்கு நல்லது, தனி மருந்தாக ஏற்க முடியாது. கடிதங்களைப் பொறுத்தவரை முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அட்டையோடு காய எழுத்தைச் சேர்த்தால் கூடுதல் பலன் உண்டா என்பதைத்தான் டார்னால் சோதனையின் வடிவமைப்பு கேட்கிறது. ஆம் என்று பதில் வந்தாலும் அது வார்டில் படுத்திருப்பவர்களுக்கான பதில். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கதவைத் தட்டி உதவி கேட்டவர்களிடம், அமெரிக்காவில், ஆங்கிலத்தில் நடந்தவை. கதவையே தட்டாதவர்களைப் பற்றியும், வேறு படைகளைப் பற்றியும் அவற்றைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது.